கண் முன்னே கறந்த பால்

(கொல்கத்தா லேக் மார்க்கெட் பகுதித் தமிழர்களின் சனிக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் மார்க்கெட்டில் வாழைப்பூவுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "சார், நீங்க பால் டெஸ்ட் பண்ற வேலையில இருந்தவர்தானே? இங்க கிட்டத்துல நல்ல கறந்த பால் எங்க கிடைக்கும்?" எதற்கு என்று கேட்டேன். "பாக்கெட் பால்ல ஆடையே கட்ட மாட்டேங்குது சார். ஊர்லேருந்து அம்மா வந்திருக்காங்க. தயிரைப் பார்த்துட்டு, இது என்னடா கஞ்சியான்னு கேக்கறாங்க." கடை வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. சனிக்கிழமை வாருங்கள், பேசிவிடலாம் என்றேன். வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில். அவருடைய அம்மாவும் வந்திருக்கிறார்கள். ஆகவே இன்று கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பேச வேண்டும்.

34 வருடம் பாலைச் சோதிக்கிற மேசையில் நின்றவன் நான். அந்த மேசைக்கு வருவதற்கு முன்னால் பாலைப் பற்றி நான் கற்றதெல்லாம் என் அம்மாவிடம், பராசர் ரோட்டில், எங்கள் வீட்டு வாசற்படியில்.

1960-களில் இந்தத் தெருக்களில் மாடு வீட்டு வாசலுக்கே வரும். விடியற்காலை ஐந்தரைக்கு மணிச் சத்தம் கேட்கும். பீகார்க்காரப் பால்காரர் முன்னால், மாடு நடுவில், கன்று பின்னால். சில மாதங்களில் கன்று நடந்து வராது, அவர் தோளில் தொங்கிக்கொண்டு வரும். உயிரில்லாத கன்று. தோலுக்குள் வைக்கோலை அடைத்துத் தைத்தது. அதை மாட்டின் முகத்தருகே நிறுத்துவார். மாடு அதை நக்கும். பால் இறங்கும். அம்மா படியிறங்கி வந்து முதலில் அவருடைய பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வாள், அடியில் தண்ணீர் இருந்தால் சொட்டட்டும் என்று. பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடிக்கச் சொல்வாள். சட்டைக்குள் ரப்பர் பை வைத்துக் கறக்கும்போதே தண்ணீரைப் பீச்சுகிறார்கள் என்று கல்கத்தா முழுக்க ஒரு பேச்சு. "பையா, பானி நஹி?" என்பாள். அவர் கங்கை மேல் சத்தியம் செய்வார். அந்தச் சத்தியத்தின் அழகுக்குப் பிறகு வருகிறேன்.

அம்மாவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. எதிர்வீட்டு மாமி, மாடி வீட்டு போஸ் குடும்பம் எல்லோரும் வாங்கிய பிறகு கடைசியாகத்தான் தன் செம்பை நீட்டுவாள். ஏன் என்று கேட்டதற்கு, "கடைசிப் பால்தாண்டா கெட்டி" என்றாள். கல்லூரியில் பால் விஞ்ஞானம் படிக்கும்போதுதான் அது எவ்வளவு சரி என்று தெரிந்தது. ஒரே மடியில் முதலில் பீச்சுகிற பாலில் கொழுப்பு 1, 2 சதவீதம்தான் இருக்கும். மடி வற்றுகிற நேரத்தில் வருகிற பாலில் 7, 8 சதவீதத்துக்கு மேலும் போகும். முதலில் வாங்கிய எதிர்வீட்டு மாமி, பால்காரர் தண்ணீர் ஊற்றுகிறார் என்று தினமும் சண்டை போடுவார். பாவம், அந்த ஒரு குற்றச்சாட்டில் மட்டும் பால்காரர் நிரபராதியாக இருந்திருக்கலாம்.

இவ்வளவு உஷாராக இருந்த என் அம்மா, அந்த வைக்கோல் கன்று ஏன் செத்தது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கண் முன்னே கறக்கிறார்கள் என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த உத்தரவாதம். கண்ணுக்கு முன்னால் நடந்தது பத்து நிமிடம். மீதி இருபத்துமூன்று மணி ஐம்பது நிமிடம் கட்டாலில் நடந்தது. கட்டால் என்றால் உங்களில் பலருக்குத் தெரியும், நகரத்துக்குள் இருந்த மாட்டுக் கொட்டில்கள். அங்கே கணக்கு எளிது. கன்று குடிக்கிற ஒவ்வொரு படி பாலும் நஷ்டம். அதனால் கன்று பிழைப்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. வெளி மாநிலத்திலிருந்து ஈன்ற எருமையை ரயிலில் கொண்டுவருவார்கள். பால் வற்றியதும் அடுத்த ஈற்றுவரை தீனி போட்டுக் காப்பாற்றுவதைவிடப் புதிதாக ஒன்றை வாங்குவது மலிவு. வற்றியது எங்கே போயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடக் கொடுமை ஃபூக்கா. குழந்தைகளும் இருக்கிற சபை, ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: பாலை இறக்க மாட்டின் பிறப்புறுப்புக்குள் காற்றை ஊதுவது. காந்தி 1912-ல் தென்னாப்பிரிக்காவில் பாலை விட்டதற்கு ஒரு காரணம், மாடுகளுக்கும் எருமைகளுக்கும் இழைக்கப்படும் சித்திரவதையைப் பற்றிக் கல்கத்தாவிலிருந்து வந்த பிரசுரங்களைப் படித்தது. சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். பின்னால் நோயில் படுத்தபோது ஆட்டுப்பால் குடித்தார், அது தனிக் கதை. நம் ஊர்ப் பால் அவ்வளவு தூரத்தில் ஒரு மனிதரை அப்படி உலுக்கியிருக்கிறது. 1960-ல் வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு ஃபூக்காவைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது. மாட்டின் உடம்பைக் கெடுக்கிற ஊசிகளும் அதே பிரிவில் அடக்கம். ஃபூக்கா போய் ஆக்ஸிடோசின் ஊசி வந்ததை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

இப்போது அந்தக் கங்கைச் சத்தியம். இந்த நகரத்தில் தண்ணீர் இரண்டு வகை. வீட்டுக்கு வருவது வடிகட்டியது. தெருவோரக் குழாயில் பழுப்பாகக் கொட்டுவது வடிகட்டாத கங்கை, தெருவைக் கழுவுவதற்கென்று விட்டது. பால்காரர் எதைக் கலந்தாலும் கங்கையைத்தானே கலந்தார்! அவர் சத்தியத்தில் பொய்யே இல்லை.

சிரிக்கிறீர்கள். 1887-ல் ஒரு கப்பலில் இது சிரிக்கிற விஷயமாக இல்லை. ஆர்டன்க்ளூத்தா என்று ஒரு கப்பல் நம் துறைமுகத்தில் நின்றது. மாலுமிகளில் சிலர் கரையிலிருந்து வந்த பாலைக் குடித்தார்கள், சிலர் டப்பாப் பாலோடு நிறுத்திக்கொண்டார்கள். கரைப் பாலைக் குடித்தவர்கள் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் விழுந்தார்கள், சிலர் செத்தார்கள். நகரசபை சுகாதார அதிகாரியாக இருந்த சிம்ப்ஸன் என்பவர் பால்காரர் வீடுவரை போய்ப் பார்த்தார். பாலில் கலந்தது குளத்துத் தண்ணீர். அந்தக் குளத்தில் காலரா. அதற்கு மூன்று வருடம் முன்னால்தான், 1884-ல், ராபர்ட் கோஹ் இதே கல்கத்தாவுக்கு வந்து, இதே மாதிரி ஒரு குளத்துத் தண்ணீரில் காலராக் கிருமியைக் கண்டிருந்தார். பாலில் தண்ணீர் கலந்தால் நஷ்டம் பர்ஸுக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கலந்த தண்ணீர் எது என்பதுதான் முதல் கேள்வி.

லாக்டோமீட்டர் வைத்துப் பார்ப்போமே என்பீர்கள். டிகிரி காப்பி என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது என்று கும்பகோணத்துக்காரர்கள் ஒரு விளக்கம் சொல்வார்கள். அந்தக் கருவி பாலின் அடர்த்தியை மட்டும் காட்டும். வெண்ணெயை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும், கருவி மேலே எழும்பும். எழும்பிய அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். இரண்டு திருட்டு சேர்ந்து ஒரு யோக்கியமான பாலாகிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே இப்படி ஒரு கேன் என்னை ஏமாற்றியது. கொழுப்பைத் தனியாக அளந்த என் மூத்த சகா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

நகரத்துக்கு நடுவே மாடு வேண்டாம், வெளியே ஒரு பண்ணையில் இருக்கட்டும் என்று சுதந்திரத்துக்குப் பிறகு பெரிய ஊர்கள் நினைத்தன. பம்பாய்க்கு ஆரே காலனி, சென்னைக்கு மாதவரம், நமக்கு நதியா மாவட்டத்து ஹரிங்காட்டா. இங்கே கால்நடை உரிமச் சட்டம் 1959-ல் வந்தது. கட்டால்கள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நகரத்துக்குள்ளேயே இருந்தன, அது வேறு. ஹரிங்காட்டாப் பாலைக் கண்ணாடிப் புட்டியில் வாங்கிய நினைவு இங்கே தலை நரைத்தவர்கள் எல்லோருக்கும் இருக்கும். டிப்போ வரிசையில் நின்று கார்டைக் காட்டி, காலிப் புட்டியைக் கொடுத்து, நிறைந்த புட்டியை வாங்கிவருவது என் வேலை. அந்தப் பால் குழந்தைகளுக்கு, பால்காரரின் பால் காப்பிக்கும் தயிருக்கும் என்று அம்மா பிரித்து வைத்திருந்தாள். அவளுக்குச் சுகாதாரமும் வேண்டும், ருசியும் வேண்டும். இரண்டும் ஒரே பாத்திரத்தில் கிடைக்காது என்று முடிவு செய்துவிட்டாள்.

1965-ல் பால் பஞ்சம் முற்றி, முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென் சானாவில், அதாவது பாலைத் திரித்து எடுக்கிற கட்டியில், செய்கிற இனிப்புகளுக்கே தடை போட்டார். ரசகுல்லா, சந்தேஷ் இல்லாத வங்காளம்! நகரம் கொதித்தது. நம் பகுதியில் வருத்தம் கொஞ்சம் குறைவுதான், மைசூர்பாகுக்குச் சானா வேண்டாமே. ஆனால் அந்தத் தடைக்குப் பின்னால் இருந்த கணக்கு இன்றும் செல்லும். வங்காளத்தில் பெரும் பங்கு பால் கிராமத்திலேயே சானாவாகத் திரிந்து, துணியில் கட்டின மூட்டையாக லோக்கல் ரயிலில் வருகிறது. கறந்த பால் தேடி நாம் கிராமத்துக்குப் போனால் நமக்குப் போட்டி இன்னொரு வீட்டுக்காரர் இல்லை, மிட்டாய்க் கடை.

பிறகு வெண்மைப் புரட்சித் திட்டத்தில் 1970-களின் கடைசியில் டான்குனியில் பெரிய பால் ஆலை வந்தது. பாக்கெட் வந்தது. மாடு வாசலுக்கு வருவது நின்றது.

மூன்றாவது வரிசை நண்பருக்கு இப்போது பதில். உங்களுக்கு வேண்டியது கறந்த பாலே இல்லை, ஆடை. பல பாக்கெட் பால்களில் கொழுப்புத் துளியை அழுத்தத்தில் பொடியாக உடைத்துவிடுகிறார்கள். ஹோமோஜினைஸ் செய்வது என்று பெயர். பொடித் துளி மேலே மிதந்து வராது, அதனால் ஆடை சரியாகக் கட்டாது. அதோடு நீங்கள் வாங்குவது டோன்டு பால் என்றால் அதில் கொழுப்பு 3 சதவீதம்தான். எருமைப்பாலோடு பால் பவுடரும் தண்ணீரும் சேர்த்து அளவை நீட்டுகிற அந்த யுக்தியை 1940-களில் பம்பாயில் குரோடி என்ற அதிகாரி கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டப்படி தண்ணீர் ஊற்றிய பால் என்று நான் வேடிக்கையாகச் சொல்வேன். ஏழைக் குழந்தைகளுக்கு எட்டுகிற விலையில் பால் கிடைத்தது அதனால்தான், அதையும் சொல்ல வேண்டும். கொழுப்பு 6 சதவீதம் உள்ள ஃபுல் க்ரீம் பாக்கெட்டில், ஹோமோஜினைஸ் செய்யாததாகப் பார்த்து வாங்குங்கள். பொங்கிய பிறகும் பத்து நிமிடம் சிறு தீயில் விட்டு, கை பொறுக்கிற சூட்டில் உறை ஊற்றுங்கள். அம்மா அதற்குப் பிறகும் கஞ்சி என்றால் என்னிடம் வாருங்கள்.

கறந்த பால் கேட்டு வருகிறவர்களில் இரண்டாவது கூட்டம், பிரதோஷத்துக்கு அபிஷேகப் பால் தேடுகிறவர்கள். காய்ச்சாத பால் வேண்டும் என்பார்கள். ஆலையில் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கினது காய்ச்சினதா இல்லையா என்று என்னிடம் கேட்டால், நான் குருக்களைக் கைகாட்டிவிடுகிறேன். பெரும்பாலான குருக்கள் பாக்கெட்டை வாங்கிக்கொள்கிறார்கள்.

என்னைக் கலங்கவைக்கிறவர்கள் மூன்றாவது கூட்டம். இளைஞர்கள். காய்ச்சினால் சத்து போய்விடும், பச்சையாகவே குடிக்க வேண்டும் என்று எங்கோ கேட்டுவிட்டு வருகிறார்கள். நம் பாட்டிமார் பாலைப் பச்சையாகக் குடித்தார்கள் என்று வேறு சொல்கிறார்கள். எந்தப் பாட்டி? புது வீட்டில் முதலில் பாலைப் பொங்கவிடுகிற ஜாதி நாம். காய்ச்சினால் சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையும். புரதத்துக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் ஒன்றும் ஆகாது.

என் மாமா ஒருவர் கட்டாலுக்கே போய், நுரை அடங்குவதற்குள் ஒரு லோட்டா பச்சைப் பாலை நின்றபடி குடித்துவிட்டு, லேக்கை இரண்டு சுற்று சுற்றிவிட்டு ஆபீஸ் போவார். நாற்பது வயதில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் ஏறும், ராத்திரி வேர்த்து இறங்கும், நாலு நாள் விட்டு மறுபடி வரும். டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள், மலேரியா என்று கொடுத்தார்கள், காசநோயோ என்று படம் எடுத்தார்கள். ஏழு மாதம் கழித்து ஒரு வயதான டாக்டர், "மாடு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். ப்ரூசெல்லோசிஸ். மால்டாத் தீவில் பட்டாள வைத்தியர் டேவிட் ப்ரூஸ் 1887-ல் கண்ட கிருமி. நம் கப்பல் கதையும் அதே வருடம், பாருங்கள். அது ஆட்டுப்பாலில் வருகிறது என்று ஸம்மித் என்ற மால்டாக்காரர் 1905-ல் கண்டுபிடித்தார். மாமா பிழைத்தார், ஆனால் முதுகெலும்பு வலி கடைசிவரை போகவில்லை. ஒரு கொதி வந்திருந்தால் அந்தக் கிருமி செத்திருக்கும்.

ஆக, காய்ச்சத்தான் போகிறோம். அப்படியானால் கறந்த பாலை ஏன் தேட வேண்டும்? இரண்டு காரணம். வாசனை ஒன்று, அதை விளக்க முடியாது. மற்றொன்று, காய்ச்சினாலும் போகாத ஒன்று பாலில் இருக்கிறது. 2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. யூரியா, சோப்பு என்று நாம் பயப்படுகிற கலப்படம் வெறும் 12 மாதிரிகளில். அஃப்ளாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு மட்டும் 368 மாதிரிகளில் வரம்பு மீறியிருந்தது. அதிகம் அகப்பட்ட இடங்களில் தமிழ்நாடும் ஒன்று, ஊர்ப் பால் ஊர்ப் பால் என்று பெருமை பேசுகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஈரத்தில் பூசணம் பிடித்த புண்ணாக்கையும் தீவனத்தையும் மாடு தின்றால் அது மடி வழியாக வருகிறது. கொதிக்க வைத்தாலும் போகாது. அதைத் தடுக்க ஒரே வழி, மாடு என்ன தின்கிறது என்று தெரிந்திருப்பது. பாக்கெட்டில் அதைப் பார்க்க முடியாது, கொட்டிலில் பார்க்கலாம்.

நான் கொட்டிலுக்குப் போனால் மடியை முதலில் பார்ப்பதில்லை. தீவன மூட்டையைப் பிரிக்கச் சொல்வேன். ஒரு கை அள்ளி மோந்து பார்ப்பேன். இந்த ஊர் மழைக்காலத்தில் மூட்டை தரையில் கிடந்தால், சுவரில் சாய்ந்திருந்தால், அந்த இடத்தில் வாங்குவதில்லை. பலகை மேல் ஏற்றி வைத்திருந்தால் அந்த வீட்டுக்காரர் மேல் மரியாதை வரும். அடுத்து மாட்டின் காது. மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரிக்குத் தடுப்பூசி போடுகிறார்கள், நாலு முதல் எட்டு மாதப் பெண் கன்றுக்கு ப்ரூசெல்லாவுக்கும் போடுகிறார்கள். வில்லை இருந்தால் போதாது, எந்த ஊசி எப்போது என்று கேளுங்கள், பதில் தயாராக வருகிறதா பாருங்கள். மடிநோய்க்கு மருந்து போட்டால் எத்தனை நாள் பாலைக் கொட்டுவீர்கள் என்று கேளுங்கள். கொட்டவே மாட்டோம் என்று வெகுளியாகச் சொல்கிறவர்கள்தான் அதிகம். பிறகு கன்று. உயிரோடு, வயிறு ஒட்டாமல், தாய்க்குப் பக்கத்தில் நிற்கிறதா?

நாட்டு மாடு, ஏ2 வகைப் புரதம் உள்ள பால் என்று மூன்று மடங்கு விலை சொன்னால் நான் புன்னகையோடு நகர்ந்துவிடுவேன். ஏ2 என்ற பெயரைப் போட்டு விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் உத்தரவு போட்டு, ஒரு வாரத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எருமைப் பாலும் ஏ2-தான், அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

கேனைப் பற்றி ஒரு வார்த்தை. ரயிலில் பால் தளும்பாமலிருக்க மேலே ஒரு கொத்து வைக்கோல் மிதக்கவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். அந்த வைக்கோல் எங்கே கிடந்தது என்று யோசித்தால் காப்பி இறங்காது. மே மாதச் சூட்டில் கறந்த பால் இரண்டு மணி நேரத்துக்குள் அடுப்புக்கோ ஐஸுக்கோ போயாக வேண்டும். ஆகவே தூரம் என்பதை மைலில் எண்ணாதீர்கள், மணியில் எண்ணுங்கள். நமக்கு அதிர்ஷ்டம், பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிறது. தெற்கு லைனில் சோனார்ப்பூர் தாண்டினால் இன்னும் தொழுவம் உள்ள வீடுகள் உண்டு.

அப்படி ஒரு வீட்டில் நான் மூன்று வருடமாக வாங்குகிறேன். நாலு மாடு. கறக்கிறவர் வீட்டு அம்மா. மடியைக் கழுவித் துணியால் ஒற்றி, முதல் இரண்டு பீச்சலை ஒரு கறுப்புத் தட்டில் விட்டு, கட்டி ஏதும் இருக்கிறதா என்று சாய்த்துப் பார்க்கிறார். யாரும் பார்க்காத நாளிலும் செய்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஒரு தடவை சொல்லாமல் போய் வேலிக்கு வெளியே நின்றேன். செய்தார். என் முழுப் பணிக்காலத்திலும் நான் செய்த உருப்படியான சோதனை அதுதான்.

அடுத்த ஞாயிறு போகிறேன். வருகிறவர்கள் பாலிகஞ்சில் முதல் லோக்கலுக்கு வந்துவிடுங்கள். மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு கொண்டுவாருங்கள், வெந்நீரில் கழுவியது. பிளாஸ்டிக் புட்டி வேண்டாம். ஏழரைக்குள் திரும்பிவிடலாம், வந்ததும் பால் அடுப்பில் ஏற வேண்டும். மூன்றாவது வரிசை அம்மாவும் வருவதாகச் சொல்கிறார்கள். வரிசையில் தனக்குக் கடைசி இடம் வேண்டுமாம். அங்கே மடி ஒட்டக் கறந்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துதான் அளந்து ஊற்றுகிறார்கள் அம்மா. கடைசியில் நின்று பிரயோஜனமில்லை.